வீட்டுக்கு ஒரு ஆள்

திருச்சுழி
2.9.2024

அப்பாவுக்கு,

போன் நம் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. சார்ஜரையும் பக்கத்திலேயே சுருட்டி வைத்திருக்கிறேன். "நான் வாங்கிக் குடுத்த போன்லயே எனக்கு எதிரா ஊரக் கூட்டுறியா" என்று கேட்டீர்களே, இனி அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அத்தை போனிலும் கூப்பிட வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். அழுதால் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். பொன்னுத்தாய் அத்தை தபால் கவர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "அப்பனும் மகளும் ஒரே ரகம், எவுக மொதல்ல வளையப் போறீகளோ" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார்.

அன்று நீங்கள் பாதியிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டீர்கள். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

நவம்பரில் கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருகிறது. தெற்குச் சுற்றுச்சுவரின் உள்பக்கம் முழுவதும், சுற்றுவட்டார மக்களோடு சேர்ந்து 'நீர்' என்ற தலைப்பில் ஓவியம் வரையச் சொன்னது கல்லூரிதான். பொறுப்பை மூன்றாமாண்டு மாணவிகளிடம் விட்டார்கள். நானும் என்னோடு படிக்கும் சத்யபிரியாவும் அவள் ஊரான உடங்காட்டுப்பட்டிக்குப் போய், வரைய வாருங்கள் என்று கேட்டோம். அவள் அப்பா காளீஸ்வரன் மாமா ஆட்டுக்குத் தின்னக் குழை கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "எந்தச் செவத்துல தாயி? எங்க கண்மாய்க்கு வார கால மறிச்சு நிக்குதே, அந்தச் செவத்துலயா?" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் எங்களை நடத்தியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மேற்கு மேட்டு மழைத்தண்ணீர் வரத்துக்கால் என்கிற வாய்க்கால் வழியாகக் கல்லூரி இடத்துக்குள் வந்து, தெற்கே வெளியேறி, உடங்காட்டுக் கண்மாயில் விழ வேண்டும். அதன் குறுக்கே சுவர் நிற்கிறது. ஒரு குழாய்கூட இல்லை. மூன்று வருடமாகக் கண்மாய் பொட்டலாகக் கிடக்கிறது. நெல் போட்ட வீட்டு ஆம்பிளைகள் அருப்புக்கோட்டையில் பவர்லூம் ஓட்டப் போகிறார்கள். "யார் இந்தச் சுவரைக் கட்டியது?" என்று நான்தான் மடத்தனமாகக் கேட்டேன். சத்யபிரியா தரையைப் பார்த்தாள்.

கல்லூரிக் கட்டடக் குழுவில் சுவருக்குப் பொறுப்பு யார் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் உங்களிடம் வந்தேன். "படிக்கிற வேலையப் பாரு" என்றீர்கள்.

நாங்கள் வரையத்தான் போகிறோம். 'நீர்' என்றுதானே சொன்னார்கள்? அந்தக் காலையே வரைவோம், எங்கிருந்து வந்து எங்கே நின்றதோ அப்படியே.

சுபத்ரா

⁂

அருப்புக்கோட்டை
5.9.2024

உ

அன்புள்ள மகள் சுபத்ராவுக்கு,

'அப்பாவுக்கு' என்று மொட்டையாக ஆரம்பித்திருக்கிறாய். 'அன்புள்ள' எழுத மை தீர்ந்துவிட்டதா? நான் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். கடையில் வேறு தாள் இல்லாததால் பில் புத்தகத்தில் எழுதுகிறேன்.

சர்வேக் கல் எங்கே நட்டிருந்ததோ அங்கே கயிறு பிடித்தேன். சுவர் எழுந்தது. கால், கால் என்கிறாயே, நான் போனபோது அங்கே இருந்தது சீமைக்கருவேலங்காடு. ஜேசிபி உள்ளே போகவே இரண்டு நாள் பிடித்தது. அது கால் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒன்பது பேர் குழுவில் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள், நான் கட்டிக் கொடுத்தேன். மற்ற எட்டுப் பேரை விட்டுவிட்டு என் சட்டையைப் பிடிப்பது உனக்குச் சுலபம். நான் உனக்கு அப்பனாகப் போய்விட்டேன்.

எப்படியும் வரைவாய். உன் அம்மாவின் பிடிவாதம் எனக்குத் தெரியாததா? ஆனால் பெயிண்ட் கடைக்காரன் மகள் அடித்த சுவர் பல்லிளிக்கிறது என்று எவனும் சொல்லக் கூடாது. அந்தச் சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கிறது. அதைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, நாலு நாள் காயவிட்டு, பிரைமர் ஒரு கோட் கொடுத்த பிறகுதான் எமல்ஷன் தொட வேண்டும். நேரே அடித்தால் பொங்கலுக்குள் அப்பளமாகப் பொரிந்துவிடும்.

"புள்ள சாப்புடுறாளான்னு கேளுங்க" என்றாள் உன் அம்மா. கேட்க மாட்டேன் என்றேன். அப்படி நான் சொன்னதையும் எழுதச் சொல்கிறாள்.

சின்னத்துரை
கட்டடக் குழு உறுப்பினர்

⁂

திருச்சுழி
19.9.2024

அப்பாவுக்கு,

மை தீரவில்லை.

உப்பைத் தேய்த்து, காயவிட்டு, பிரைமரும் அடித்தாயிற்று. பிரைமர் மல்லாங்கிணறில் வாங்கினோம், உங்கள் கடையில் இல்லை. நான் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அத்தை விடுவதாக இல்லை.

முதலில் நாங்கள் ஒரு கூத்து அடித்தோம். காகிதத்தில் அழகாக வரைந்து, கட்டம் போட்டு, நோட்டில் எழுதுகிற பழக்கத்தில் இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கமாக நீலத்தை இழுத்துவிட்டோம். சுவருக்கு உள்ளே நின்று பார்த்தால் இடப்பக்கம் கிழக்கு. ஆடு மேய்க்கும் ராக்கம்மாள் அக்கா அந்த வழியாக வந்தவர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். "ஏத்தா, தண்ணி மேக்க மேட்டுக்கு ஏறுதே, மோட்டாரு போட்டுருக்கீகளா?" என்றார். படித்த பிள்ளைகள் இருபது பேர் சேர்ந்து போட்ட லட்சணம் அது. அத்தனையும் அழித்துவிட்டு, இனி நீங்களே சொல்லுங்கள் என்று தூரிகையை ஊர்க்காரர்களிடம் கொடுத்தோம்.

அப்புறம்தான் வேலை நடந்தது. கண்மாய் மராமத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும் என்று பழைய பட்டியல் நோட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். காளீஸ்வரன் மாமா அதை எடுத்து வந்து பேர் பேராக வாசித்து, வீட்டுக்கு நாலடிச் சுவர் என்று பிரித்துவிட்டார். அறுபத்திரண்டு வீடு. கால் எல்லார் பங்குக்குள்ளும் ஓடி வர வேண்டும், கரையில் எதை வரைவது என்பது அவரவர் இஷ்டம். ராக்கம்மாள் அக்கா தன் ஆடுகளை வரைந்தார். அதில் ஒரு கிடாய்க்கு அவரை மாதிரியே முறைப்பு. பவர்லூம் ஓட்டும் பால்ச்சாமி அண்ணன் தன் நாலடித் தண்ணீரைச் சேலைக் கரை மாதிரி கோடு கோடாகப் போட்டார். பேச்சி என்று ஒரு மதினி நெல்லை வரைந்துவிட்டு, "பாத்து மூணு வருசமாச்சு, கதிரு இப்பிடித்தான இருக்கும்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும் அப்பா?

இதற்கு மேல் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பட்டியலில் முப்பத்தெட்டாவது பேர் முத்தையா. என் தாத்தா, உங்கள் அப்பா. உடங்காட்டுப்பட்டி நிலத்தை விற்று டவுனில் கடை வைத்த பிறகும் சாகும் வரைக்கும் மராமத்துக்கு வந்தாராமே, அதனால் அவர் பேரை அடிக்காமலே வைத்திருக்கிறார்கள். மாமா அந்த இடத்தில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "இந்த வீட்டுக்கு ஆளு கேக்கல" என்று சொல்லிவிட்டு அடுத்த பேரை வாசித்தார்.

"நான் இருக்கேனே மாமா" என்றேன். "நீ காலேஜுப் புள்ளையா வந்துருக்க, நல்லாரு. வீட்டு ஆளுன்னா வீட்டுல இருந்து வரணும்" என்றார். நான்தான் வீட்டை விட்டு வந்தவள் ஆயிற்றே.

சுவர் காலை மறிக்கிற அதே இடத்தில் நாலடியை வெறும் சிமெண்டாக விட்டிருக்கிறார்கள். அது முத்தையா வீட்டுப் பங்காம். அதை யாரும் தொடக் கூடாதாம்.

சுபத்ரா

⁂

அருப்புக்கோட்டை
23.9.2024

சுபத்ராவுக்கு,

இந்த முறை நானும் மொட்டையாகவே ஆரம்பிக்கிறேன்.

என் வீட்டுக்கு ஆள் கேட்கவில்லையா? கண்மாய் வேலைக்கு ஆள் கேட்காமல் ஒரு வீட்டைத் தாண்டிப் போனால் அந்த வீடு ஊரிலேயே இல்லை என்று அர்த்தம். அது உனக்குத் தெரியுமா? தெரியாமல்தான் ஏதோ செய்தி சொல்வது போல எழுதியிருக்கிறாய். நான் அதைக் கல்லாவில் உட்கார்ந்து வாசித்தேன். எதிரே வாடிக்கையாளர் நின்று டிஸ்டெம்பர் கேட்கிறார். எனக்குக் காது கேட்கவில்லை.

எண்பத்தேழில் என் அப்பா காய்ச்சலில் கிடந்தார். ஆள் கேட்க வந்தவர்கள், "படுத்துருங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, "நீ போலே, நம்ம எடம் காலியாக் கெடக்கக் கூடாது" என்றார். எனக்குப் பதினேழு வயது. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துப்போய், சோற்றைப் பிசைய முடியாமல் அம்மா ஊட்டிவிட்டாள். பக்கத்துப் பங்கில் மண் வெட்டியது யார் தெரியுமா? இதே காளீஸ்வரன். அவன் கரண்டைக் காலில் மண்வெட்டி பட்டபோது என் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டேன். அவன் இன்று என் பேரைத் தாண்டிப் போகிறான்.

கல்லூரிச் செயலாளர் கடைக்கு வந்திருந்தார். யாரோ போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். "என்ன சின்னத்துரை, ஒம்ம மக நம்ம செவத்துலயே நம்மளக் கிழிச்சுத் தொங்க விட்டுருக்கு" என்றார். நவம்பரில் பார்வையிடும் குழு வருவதற்குள் சுவர் முழுவதும் வெள்ளையாக இருக்க வேண்டுமாம். வேலையை என்னிடம் விட்டிருக்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். என் வீட்டை வேண்டாம் என்றவர்கள் படமும் எனக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை ஆள் வரும். குறுக்கே வந்து நிற்காதே.

சின்னத்துரை
கட்டடக் குழு உறுப்பினர்

⁂

திருச்சுழி
30.9.2024

கட்டடக் குழு உறுப்பினர் அவர்களுக்கு,

அழித்தாயிற்று. திருப்திதானே?

உங்கள் கடை ஆள் இருளாண்டி அண்ணன் இரண்டு பேரோடு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊரே வந்து நின்றது. ராக்கம்மாள் அக்கா, "அந்தக் கெடாய மட்டும் கடைசியா அடிங்க தம்பி" என்றார். இருளாண்டி அண்ணன் அப்படியே செய்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. முடிந்தபோது அறுபத்தோரு வீடும் வெள்ளை. அழிக்க ஒன்றுமே இல்லாததால் நம் வீட்டு நாலடி மட்டும் சிமெண்டாகவே நின்றது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

எனக்குக் கல்லூரியில் மெமோ கொடுத்திருக்கிறார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் ஹால் டிக்கெட்டாம். கடிதம் எழுத எனக்குச் சோம்பல் இல்லை, இது உங்களுக்கு மூன்றாவது. ஆனால் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது. தண்ணீர் வந்த வழியைப் படமாகப் போட்டதற்கு மன்னிப்பா? ஒரு வருடம் போனாலும் போகட்டும். சத்யபிரியாவும் எழுத மாட்டேன் என்றுவிட்டாள்.

இன்னொன்று. எல்லாரும் போன பிறகு சுவரை விரலால் தேய்த்துப் பார்த்தேன். விரலோடு வந்துவிட்டது. வெறும் சுண்ணாம்பு, பசை போடவில்லை. எமல்ஷன் மேல் பசையில்லாத சுண்ணாம்பு ஒரு மழைக்கு நிற்காது என்று எட்டாம் வகுப்பு லீவில் என்னைக் கடையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது யார்? மறந்து செய்தீர்களா, தெரிந்தே செய்தீர்களா? மற்றதற்கெல்லாம் பதில் வேண்டாம். இதற்கு மட்டும் எழுதுங்கள்.

சுபத்ரா

⁂

அருப்புக்கோட்டை
7.10.2024

அன்புள்ள சுபத்ராவுக்கு,

முப்பது வருடமாகக் கடை நடத்துகிறேன். சுண்ணாம்பில் பசை போட மறந்துவிட்டான் சின்னத்துரை என்று சொன்னால் நான் விற்ற டப்பாக்களே சிரிக்கும்.

ஆனால் என்னைப் பெரிய ஆளாக்கிவிடாதே. கோபத்தில்தான் ஆளை அனுப்பினேன். அழியட்டும் என்றுதான் நினைத்தேன். இருளாண்டிக்குக் கலந்து கொடுக்கும்போது கை பசை டப்பா பக்கம் போகவில்லை. அவனும் என்னைப் பார்த்தான், வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். செயலாளர் வெள்ளை கேட்டார், வெள்ளை கொடுத்தேன். நிற்கிற வெள்ளை வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அது கால் என்று எனக்குத் தெரியாது என்று எழுதினேனே, அது பொய். அந்தக் காலில் இறங்கி மண் அள்ளியவனுக்குத் தெரியாதா? முதல் வரைபடத்தில் அந்த இடத்தில் நாலடிக்கு ஒரு திறப்பை நானே பென்சிலால் போட்டிருந்தேன். கூட்டத்தில், "ஆடு வரும், பாம்பு வரும், அப்புறம் ஊர்க்காரன் வருவான்" என்றார்கள். ஒருத்தர் ரப்பரை எடுத்து அழித்தார். அழித்த தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். கல்லூரிக்குச் சிமெண்டு, பெயிண்ட் எல்லாம் என் கடையிலிருந்துதான் போகிறது. அந்த நினைப்பு என் வாயைக் கட்டிவிட்டது. மூன்று வருடமாக அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் நான் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பாமல் வண்டி ஓட்டுகிறேன். வெட்கமாக இருக்கிறது, தாயி.

மன்னிப்புக் கடிதம் எழுதாதே. அப்பன் சொல்கிறேன், ஒரு வரி எழுதாதே. நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், குழுவிலிருந்து விலகுகிறேன் என்று. திறப்பு இருந்ததையும் அழித்ததையும் அதில் எழுதி, பழைய வரைபடத்தின் நகலையும் சேர்த்து வைத்தேன். என் மகளுக்கும் அவள் சிநேகிதிக்கும் ஹால் டிக்கெட் வராவிட்டால் இன்னொரு நகல் தாலுகா ஆபீசுக்குப் போகும் என்று நேரிலேயே சொன்னேன். செயலாளர் டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

காளீஸ்வரனிடம் ஒன்று கேட்டுச் சொல். என் வீட்டுக்கு ஆள் கேட்பானா?

அப்பா

⁂

திருச்சுழி
17.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மழை மூன்று நாளாகப் பெய்கிறது. தபாலுக்குக் காத்திருக்க முடியவில்லை, இதை இருளாண்டி அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

முதல் நாள் மழையிலேயே சுண்ணாம்பு பால் மாதிரி வழிந்துவிட்டது. வெளியே முதலில் வந்தது அந்தக் கிடாய்தான், அதே முறைப்போடு. அடுத்த நாள் நெல், அப்புறம் பால்ச்சாமி அண்ணனின் சேலைக் கரை. இன்று காலையில் அறுபத்தோரு வீடும் துடைத்து வைத்தது போல நிற்கிறது. பேச்சி மதினி குடையைப் பிடித்துக்கொண்டு தன் கதிரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். கல்லூரி முதல்வர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டார். ஹால் டிக்கெட் எங்கள் இருவருக்கும் வந்துவிட்டது.

தண்ணீரும் வந்துவிட்டது அப்பா. நாங்கள் படத்தில் போட்ட அதே வழியாக வந்து, அந்த நாலடிச் சிமெண்டில் முட்டி நிற்கிறது. முழங்கால் ஆழம். சைக்கிள் ஸ்டாண்டு மூழ்கிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கண்மாய் வறண்டே கிடக்கிறது. ஊர்க்காரர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

காளீஸ்வரன் மாமாவிடம் உங்கள் இரண்டு கடிதத்தையும் அப்படியே வாசித்துக் காட்டினேன், பென்சில், ரப்பர், துண்டைக் கிழித்துக் கட்டியது எல்லாம். கரண்டைக் காலைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு நோட்டை எடுத்து வரச் சொல்லி, சுவர் முன்னால் தண்ணீரில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "முத்தையா வீட்டுக்கு ஒரு ஆள்" என்று வாசித்தார். என்னிடம், "கேட்டாச்சுன்னு எழுது. ஞாயித்துக்கெழம. என்ன கலரு கொண்டாராகன்னு பாப்போம்" என்றார்.

என்ன வரையப் போகிறீர்கள்?

உங்கள் சுபத்ரா

⁂

அருப்புக்கோட்டை
18.10.2024

உ

அன்புள்ள சுபத்ராவுக்கு,

கலர் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று காளீஸ்வரனிடம் சொல். கடப்பாரை கொண்டு வருகிறேன்.

நான் சொல்கிறபடி ஏற்பாடு செய்து வை. அந்த நாலடிக்கு இரண்டு ஓரத்திலும் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் கோடு போடு. கொத்தனார் ராமசுப்பு வந்து அந்தக் கோட்டில் கட்டர் விடுவார். மேலே கடப்பாக் கல்லைச் சொருகிய பிறகுதான் உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவர் தலையில் விழும். பக்கத்துப் பங்குப் படங்களில் ஒரு பொட்டுக்கூடப் பெயரக் கூடாது. தூசி பட்டால் ஈரத்துணியால் ஒற்று, தேய்க்காதே. உடைக்கும்போது கண்மாய்ப் பக்கம் ஒருத்தரும் நிற்கக் கூடாது. ஆட்டையும் ஓட்டிவிடச் சொல். மூன்று வருடமாக மறித்த தண்ணீர், ஒரே பாய்ச்சலாகப் போகும்.

செயலாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன். திருட்டுத்தனமாகச் செய்கிற வேலை இல்லை இது. கேஸ் போடுவேன் என்றார். போடுங்கள், மறித்தவனும் நான்தான், திறப்பவனும் நான்தான், சாட்சிக்கு ஊரே நிற்கும் என்றேன். இனிமேல் கடையில் சரக்கு எடுக்க மாட்டோம் என்றார். மல்லாங்கிணறில் நல்ல பிரைமர் கிடைக்கிறதாம், அங்கே எடுங்கள் என்றேன்.

உன் அம்மாவும் கிளம்பி நிற்கிறாள். "வீட்டுக்கு ஒரு ஆள்தான், நீ எதுக்கு?" என்றேன். "அப்ப நீங்க வீட்டுல இருங்க, நான் போறேன்" என்கிறாள். உன் போனைச் சார்ஜ் போட்டுப் பையில் வைத்திருக்கிறாள். வாங்கிக்கொள்வது உன் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் வருகிறோம். கடப்பாரையை பஸ்ஸில் ஏற்ற விடுவார்களா என்று தெரியவில்லை. விடாவிட்டால் நடந்தாவது வந்துவிடுவேன், நம் இடம் காலியாகக் கிடக்காது.

இப்படிக்கு,
முத்தையா வீட்டு ஆள்